நொதிக்காத வைன்: ஊர் மாறிய பல் வைத்தியர் சார்ள்ஸ் வெல்ச்

1896ஆம் ஆண்டு, தனது 44ஆவது வயதில், சார்ள்ஸ் எட்கர் வெல்ச் தொழிலைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் புறப்பட்டார். வியாபாரம் படுத்துவிட்டது என்பதல்ல காரணம். உண்மையில் அது வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய பானத்தைச் சுவைத்துப் பார்த்தவர்கள், வீடு திரும்பிய பின்னரும் அதைத் தேடி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். போத்தலை வாங்க ஆள் இருந்தது. போத்தலுக்குள் ஊற்றத்தான் பழம் போதவில்லை. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், வைன்லாண்ட் என்ற ஊரில், திராட்சைக் குலைகள் கொடியிலேயே கறுத்து அழுகிக்கொண்டிருந்தன.

கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வெல்ச்ஸ் என்ற பெயர் கொண்ட ஊதா நிறத் திராட்சைச் சாற்றுப் போத்தலை நம்மில் பலர் கண்டிருப்போம். சிறுவர்களுக்கான குளிர்பானம் என்றுதான் இன்று அதற்குப் பெயர். ஆனால் அது சந்தைக்கு வந்தபோது வைன் என்றே வந்தது. டொக்டர் வெல்ச்சின் நொதிக்காத வைன் என்பது அதன் முதற் பெயர். அதை உருவாக்கியவர் சார்ள்ஸின் தந்தை. அதை ஒரு நிறுவனமாக்கியவர், ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவர் சார்ள்ஸ். தந்தையும் மகனும் பல் வைத்தியர்கள்.

தந்தை தோமஸ் பிரம்வெல் வெல்ச் 1825இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவுக்கு வந்தவர். வெஸ்லியன் மெதடிஸ்தர். அடிமை முறையை எதிர்த்துத் தாய்ச் சபையிலிருந்து பிரிந்து சென்ற பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்த அடிமைகளை இரகசியமாகக் கனடாவுக்கு அனுப்பிவைக்கும் வேலையில் இளைஞரான தோமஸும் பங்கெடுத்தார். பத்தொன்பது வயதிலேயே போதகராகிவிட்டார். ஆனால் பிரசங்கம் செய்யக் குரல் ஒத்துழைக்கவில்லை. போதகர் வேலையை விட்டு மருத்துவம் படித்தார். மருத்துவத்திலிருந்து பல் வைத்தியத்துக்குத் தாவினார். ஆங்கிலச் சொற்களை எழுதும் முறையே பிழை என்று சொல்லி, எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தத் தனியாக ஒரு திட்டமும் வகுத்தார். ஒன்றைப் பிடித்தால் விடாத மனிதர். ஆனால் வியாபாரத்தில் மட்டும் விட்டுவிட்டார் என்பதுதான் விந்தை.

1860களின் பிற்பகுதியில் அவர் குடும்பத்துடன் வந்து குடியேறிய வைன்லாண்ட் சாதாரண ஊர் அல்ல. சார்ள்ஸ் லாண்டிஸ் என்ற நில வியாபாரி 1861இல் காட்டை வெட்டித் திட்டமிட்டு அமைத்த குடியேற்றம் அது. திராட்சை விளையும் நிலம் என்று பொருள்படும்படி ஊருக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். அதே ஊரில் மது விற்கக்கூடாது என்று விதித்தவரும் அவர்தான். பெயரில் திராட்சை, தெருவில் மதுவிலக்கு. வெல்ச் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்க முடியாது.

அங்கிருந்த மெதடிஸ்த தேவாலயத்தில் திருவிருந்துக்கான ஏற்பாடுகள் தோமஸின் பொறுப்பில் வந்தன. அவருடைய மனச்சாட்சியை உறுத்திய கேள்வி அங்கேதான் பிறந்தது. குடியை விட்டொழிக்கச் சொல்லி வாரம் முழுவதும் போதிக்கும் சபை, ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது என்ன? போதை தரும் வைன். குடியிலிருந்து அரும்பாடுபட்டு மீண்ட ஒருவனுக்கு அந்த ஒரு மிடறே போதும், பழைய குழிக்குள் திரும்ப விழ. தோமஸ் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரு போதகர் திருவிருந்து வைனைக் குடித்துத் தள்ளாடினார் என்றும், அதைக் கண்ட பிறகே தோமஸ் மாற்று வழி தேடினார் என்றும் ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும், கேள்வி அவருடையது மட்டும் அல்ல. அக்காலத்தில் பல சபைகள் உலர்ந்த திராட்சையை வெந்நீரில் அவித்து வடித்த நீரைத் திருவிருந்துக்குப் பயன்படுத்திப் பார்த்தன.

புதிதாகப் பிழிந்த சாற்றை அப்படியே கொடுத்தால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் பனையோடு பழகியவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கினால் கருப்பநீர். பூசாத முட்டியில் அதே பாளைச் சாறு விடிவதற்குள் கள். திராட்சையிலும் அதே கதைதான். நொதிக்கச் செய்யும் மதுவம் பழத்தின் தோலிலேயே ஒட்டியிருக்கிறது. பிழிந்த கணத்திலிருந்து சாறு வைனாகும் பாதையில் இறங்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், இலையுதிர் காலத்தில் பிழிந்த சாற்றை அடுத்த ஈஸ்டர் வரை சாறாகவே வைத்திருப்பது நடக்காத காரியம்.

பிரான்சில் லூயி பாஸ்ரர் வைன் கெடுவதைத் தடுக்கச் சூடாக்கும் முறையொன்றை 1860களில் கண்டிருந்தார். வைன் கெடாமலிருக்கப் பிறந்த அந்த முறையை, சாறு வைன் ஆகாமலிருக்கப் பயன்படுத்தினார் தோமஸ். 1869இல், தன் வீட்டுச் சமையலறையில், மனைவியும் பதினேழு வயது மகன் சார்ள்ஸும் உதவ, கொன்கோட் இனத் திராட்சையைப் பிழிந்து வடித்துப் போத்தல்களில் நிரப்பி, அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்தார். மதுவம் செத்தது. வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோதும் போத்தலுக்குள் இருந்தது சாறுதான்.

கண்டுபிடிப்பு வென்றது, வியாபாரம் தோற்றது. சுற்றுவட்டாரச் சபைகளுக்குத் தோமஸ் அதை விற்க முயன்றார். வேதாகமத்தில் சொல்லப்பட்டது வைன், ஆகவே வைன்தான் வேண்டும் என்று பல சபைகள் மறுத்துவிட்டன. (இந்தத் தர்க்கம் தமிழில் எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. நம் வேதாகமத்தில் உள்ள திராட்சரசம் என்ற சொல் நொதித்ததையும் குறிக்கும், நொதிக்காததையும் குறிக்கும். எங்கள் வீட்டுப் பேச்சில் திராட்சையே முந்திரிகை ஆகிவிடுவது வேறு கதை.) ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் தோமஸ் கையை விரித்துவிட்டு, பல்லுக்கே திரும்பினார்.

சார்ள்ஸ் அப்போது வொஷிங்டனில் பல் வைத்தியம் செய்துகொண்டிருந்தார். தந்தை கைவிட்டதை 1875இல் அவர் மீண்டும் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு 23 வயது. முதலீடு என்று சொல்ல எதுவும் இல்லை. பல் பிடுங்கியும் அடைத்தும் வந்த பணத்தில் போத்தலும் தக்கையும் வாங்கினார். திராட்சைக் காலத்தில் சாறு பிழிவது, மற்றைய மாதங்களில் நோயாளிகளைப் பார்ப்பது என்று காலம் ஓடியது. பற்களை அடைக்கும் உலோகக் கலவை முதலிய பல் வைத்தியப் பொருட்களைத் தயாரித்து விற்கும் இன்னொரு தொழிலும் குடும்பத்துக்கு இருந்தது. அது நிலையான வருமானம் தந்தது. அதனால் தந்தைக்கு மகனின் போக்கு பிடிக்கவில்லை. சாற்றுப் பைத்தியத்தை விட்டு, கற்ற தொழிலில் கவனம் வை என்ற பொருளில் மகனுக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். தான் கண்டுபிடித்த பொருளுக்கு எதிராகத் தானே வாதாடிய தந்தை அவர். தோற்றுப்போன ஒருவர் தன் பிள்ளையும் அதே இடத்தில் தோற்றுவிடக்கூடாது என்று அஞ்சுவதை நாம் குறை சொல்ல முடியாது.

சார்ள்ஸிடம் தந்தைக்கு இல்லாத ஒன்று இருந்தது. விளம்பரம் செய்யத் தெரியும், செலவு செய்யவும் அஞ்சமாட்டார். திருச்சபைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்று தானே சிறு பத்திரிகைகள் நடத்தினார். போதகர்களுக்கு மாதிரிப் போத்தல்கள் அனுப்பினார். காலமும் அவர் பக்கம் திரும்பியது. 1880இல் மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் சபையின் பொது மாநாடு, இயன்ற இடங்களில் எல்லாம் திருவிருந்துக்கு நொதிக்காத சாற்றையே பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. ஒரு பெரிய சந்தைக் கதவு அதனால் திறந்தது.

ஆனால் திருவிருந்துக் கிண்ணம் சிறியது. மாதத்துக்கு ஒருமுறையோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஒரு மிடறு. அதை நம்பிப் பெரிய தொழில் நடத்த முடியாது என்பதைச் சார்ள்ஸ் விரைவிலேயே புரிந்துகொண்டார். மருந்துக் கடைகளில் நோயாளிகளுக்கான சத்துப் பானமாகவும், சோடாக் கடைகளில் தாகம் தீர்க்கும் பானமாகவும் அதை விற்கத் தொடங்கினார். 1890 வாக்கில் வைன் என்ற சொல்லைப் பெயரிலிருந்து நீக்கித் திராட்சைச் சாறு என்று மாற்றினார். சபைக்கு உள்ளே அந்தச் சொல் தேவைப்பட்டது. வெளியே அது இடைஞ்சல். 1893இல் சிக்காகோ கண்காட்சிக்கு அந்தப் பெயருடன்தான் போனார். பல் வைத்தியத்தை ஒதுக்கிவிட்டு முழுநேரமாகச் சாற்றில் இறங்கியதும் அந்தக் காலப்பகுதியில்தான்.

தேவை கூடக் கூட, வைன்லாண்டின் குறை தெரியவந்தது.

தெற்கு நியூ ஜேர்சியின் கோடை வெப்பமும் ஈரமும் நிறைந்தது. கறுப்பு அழுகல் எனப்படும் பூஞ்சண நோய்க்கு அதைவிட நல்ல காலநிலை வேண்டாம். முதலில் இலையில் புள்ளி. பிறகு காயில் ஒரு பழுப்பு வட்டம். சில நாட்களில் குலை முழுவதும் சுருங்கிக் கறுத்து, மிளகு போலக் கொடியில் தொங்கும். செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பிரான்ஸ் 1880களில் கண்டறிந்துவிட்டது. ஆகவே நோய்க்கு மருந்து இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்தடித்துக் காப்பாற்றிய தோட்டம் ஓர் ஊரின் சிறு ஆலைக்குப் போதுமானதாக இருக்கலாம். நாடு முழுவதற்கும் போத்தல் அனுப்ப நினைப்பவர் ஒவ்வோர் ஆண்டும் மழையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க முடியாது.

அப்படியென்றால் வேறு மாநிலத்திலிருந்து பழத்தைப் புகையிரதத்தில் வரவழைத்து வைன்லாண்டிலேயே பிழிந்தால் என்ன? சார்ள்ஸின் தொழிலுக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வைன் செய்பவர், வழியில் நசுங்கி இலேசாக நொதிக்கத் தொடங்கிய பழத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். எப்படியும் அவர் நொதிக்க வைக்கத்தானே போகிறார். நொதிக்காத வைன் விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டியின் அடியில் நசுங்கிய பழம் வண்டியிலேயே வைனாகத் தொடங்கிவிடும். எதிரியைச் சரக்குக் கட்டணம் கொடுத்து வீட்டுக்கு அழைப்பது போன்றது அது. பறித்த பழம் கூடிய விரைவில் பிழியப்பட வேண்டும், பிழிந்த சாறு உடனே சூடாக வேண்டும். ஆகவே பழம் ஆலைக்கு வர முடியாது. ஆலைதான் பழத்திடம் போக வேண்டும்.

போவதற்கும் நேரம் பார்க்க வேண்டும். கொன்கோட் திராட்சையின் அறுவடை செப்டெம்பர் பிற்பகுதியில் தொடங்கிச் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் விற்கப் போகும் சாறு அந்தச் சில வாரங்களுக்குள் பிழிந்து சேமிக்கப்பட வேண்டும். பெரிய கண்ணாடிச் சாடிகளில் அடைத்து நிலவறையில் மாதக்கணக்கில் வைத்து, அடியில் உப்புப் படிந்த பிறகே தெளிந்த சாற்றைச் சிறு போத்தல்களுக்கு மாற்றுவார்கள். அறுவடைக்குள் இயந்திரம் ஓடத் தயாராகாவிட்டால் போவது ஒரு மாதம் அல்ல, ஓர் ஆண்டு. கடைக்காரர்கள் ஓர் ஆண்டு காத்திருக்கமாட்டார்கள்.

1896இல் சார்ள்ஸ் முதலில் போனது நியூயோர்க் மாநிலத்தில் செனெக்கா ஏரியின் தென்முனையில் உள்ள வொட்கின்ஸ் கிளென் என்ற ஊருக்கு. அழகான இடம், பள்ளத்தாக்கும் அருவிகளும் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் திரண்டு வருவார்கள். அங்கே ஒரு பருவம்தான் இருந்தார். அடுத்த ஆண்டே மூட்டை முடிச்சைக் கட்டி மேற்கே, ஈரி ஏரிக் கரையிலுள்ள வெஸ்ட்ஃபீல்டுக்குப் போய்விட்டார். ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது இடமாற்றம். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இது தடுமாற்றமாகத் தெரிந்திருக்கும். ஆனால் முதல் இடம் சரியில்லை என்று தெரிந்த பிறகும் போட்ட செலவுக்காக அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பலரும் செய்வது. சார்ள்ஸ் அதைச் செய்யவில்லை. அவருடைய வாழ்க்கையில் மிகத் துணிவான முடிவு வைன்லாண்டை விட்டுப் போனது அல்ல, வொட்கின்ஸ் கிளெனை விட்டுப் போனதுதான் என்பது என் எண்ணம்.

வெஸ்ட்ஃபீல்டில் அவருக்குக் கிடைத்தது என்ன? முதலாவது, ஏரி. ஈரி ஏரியின் தென்கரையோரமாக, நியூயோர்க் மாநிலத்திலிருந்து பென்சில்வேனியா வரை ஒடுங்கிய நிலப்பட்டி ஒன்று ஓடுகிறது. கரையிலிருந்து சில மைல் உள்ளே நிலம் ஒரு மேட்டுத் தொடராக உயர்கிறது. கோடையில் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் ஏரி அதை இலையுதிர் காலத்தில் மெல்ல விடுவதால், முதல் உறைபனி தாமதமாகிப் பழம் பழுக்க நாட்கள் கிடைக்கின்றன. வசந்தத்தில் அதே ஏரி குளிர்ந்து கிடப்பதால் கொடி அவசரப்பட்டுத் துளிர்ப்பதில்லை. பிந்திவரும் பனியில் அகப்படுவதும் இல்லை. ஏரிக் காற்று இலைகளை உலர்த்துகிறது. மேட்டுத் தொடர் அந்தக் காற்றைத் தாண்டவிடாமல் பிடித்து வைக்கிறது.

இரண்டாவது, கொடிகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. 1818இலேயே எலைஜா ஃபே என்பவர் அண்மையிலுள்ள புரொக்டன் பகுதியில் திராட்சை நட்டிருந்தார். பின்னர் கொன்கோட் இனம் வந்ததும் அந்தப் பட்டி முழுவதும் திராட்சைத் தோட்டமாக மாறியது. 1890களில் நட்டவர்கள் அளவுக்கு மீறி நட்டுவிட்டதால் பழத்தின் விலை விழுந்து கிடந்தது. வைன்லாண்டில் வாங்குபவர் இருந்தார், பழம் இல்லை. இங்கே பழம் இருந்தது, வாங்குபவர் இல்லை. கூடையில் வைத்து மேசைப் பழமாக நகரங்களுக்கு அனுப்பி, விற்காமல் அழுகிப் போனதைக் கண்டு நொந்திருந்த விவசாயிகளுக்கு, பக்கத்திலேயே ஓர் ஆலை வருவது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, புகையிரதம். நியூயோர்க்கையும் சிக்காகோவையும் இணைக்கும் ஏரிக்கரைப் பாதை வெஸ்ட்ஃபீல்ட் வழியாகத்தான் ஓடியது. பழம் நெடுந்தூரம் போக முடியாது. அடைத்த போத்தல் எவ்வளவு தூரமும் போகலாம்.

நான்காவது ஒன்றும் உண்டு. வெஸ்ட்ஃபீல்ட் இருப்பது ஷட்டாக்குவா மாவட்டத்தில். 1873இன் கடைசி நாட்களில் அந்த மாவட்டத்தின் ஃப்ரிடோனியா என்ற ஊரில் பெண்கள் கூட்டமாகச் சென்று சாராயக் கடைகளின் முன்னால் ஜெபம் செய்து, மூடச் சொல்லி மன்றாடினார்கள். அமெரிக்காவின் கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் வேர்களில் ஒன்று அதுதான். 1874இல் மெதடிஸ்தர்கள் தொடங்கிய புகழ்பெற்ற கோடைகாலக் கல்வி முகாம் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் நடந்தது. ஆயிரக்கணக்கான மெதடிஸ்தக் குடும்பங்கள் ஆண்டுதோறும் அங்கே வந்து தங்கின. அவர்களில் பெரும்பாலோர் குடிக்காதவர்கள். தன் வாடிக்கையாளர்கள் கோடைவிடுமுறைக்கு வந்து இறங்கும் இடத்துக்கு அருகிலேயே ஆலையைப் போட்டுவிட்டார் சார்ள்ஸ். இதைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

1897 அறுவடையில் வெஸ்ட்ஃபீல்ட் ஆலை 300 தொன் திராட்சையைப் பிழிந்தது. முதலாம் இலக்கக் கட்டடம் என்று அழைக்கப்படும் அந்த ஆலை இன்று அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது.

தந்தை இந்த இடமாற்றத்துடன் கூட வரவில்லை. பல் வைத்தியப் பொருள் வியாபாரத்தின் நகரமான பிலடெல்பியாவிலேயே அவருடைய கடைசிக் காலம் கழிந்தது. 1903 டிசெம்பரில் அவர் இறந்தபோது, சமையலறையில் தான் கைவிட்ட பொருள் நாடறிந்த பெயராகியிருந்தது. வைன்லாண்டும் திராட்சையை மெல்ல மறந்தது. பெயரில் மட்டும் கொடியை வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டில் கோழிப்பண்ணைக்கும் முட்டைக்கும் பெயர்போன ஊராக மாறியது. ஒரு நிறுவனம் போய்ச் சேர்ந்த ஊரின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். அது விட்டுச் சென்ற ஊரின் கதை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இங்கும் அப்படித்தான்.

இதற்குப் பின் வந்த புகழ், பாதி உழைப்பால் வந்தது, பாதி மற்றவர்களின் கேலியால் வந்தது. 1913இல் ஜனாதிபதி வூட்ரோ வில்சனின் வெளிவிவகாரச் செயலாளராக இருந்த வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன், பிரித்தானியத் தூதுவருக்கு அளித்த பிரியாவிடை விருந்தில் வைனுக்குப் பதிலாகத் திராட்சைச் சாற்றைப் பரிமாறினார். இராஜதந்திர உலகம் அதிர்ந்தது. பத்திரிகைகள் வாரக்கணக்கில் கேலிச் சித்திரம் வரைந்தன. மறு ஆண்டு கடற்படைச் செயலாளர் ஜோசிபஸ் டானியல்ஸ் போர்க்கப்பல்களில் மதுவைத் தடைசெய்தபோது கேலி இரட்டிப்பானது. திராட்சைச் சாற்றுக் கடற்படை என்று பெயரே வைத்துவிட்டார்கள். எந்த விளம்பர நிறுவனத்துக்கும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவனம் தயாரித்த முதலாவது திராட்சை ஜாமை அமெரிக்க இராணுவம் மொத்தமாக வாங்கியது. பாணில் பூசிச் சாப்பிட்ட சிப்பாய்கள் போர் முடிந்து வந்த பின்னரும் அந்தச் சுவையை மறக்கவில்லை.

செல்வந்தரான பின்னரும் சார்ள்ஸ் தன் கொள்கையைக் கடைப் பொருளாக்கிவிட்டு ஒதுங்கவில்லை. 1916இல் மதுவிலக்குக் கட்சியின் வேட்பாளராக நியூயோர்க் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். வெல்ல வாய்ப்பில்லாத போட்டி அது, தோற்றார். நான்கு ஆண்டுகளில், 1920 ஜனவரியில், மதுவிலக்கு நாடு முழுவதற்கும் சட்டமாகவே வந்துவிட்டது. அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டது அது. ஆனால் அந்தச் சட்டம் மத வழிபாட்டுக்கான வைனுக்கு விலக்கு அளித்தது. வீட்டில் பழச்சாறு செய்வதையும் தடுக்கவில்லை. விளைவு, திராட்சையை வாங்கி வீட்டு நிலவறையில் நொதிக்கவிடுவது ஒரு குடிசைத் தொழிலானது. கலிபோர்னியாவிலிருந்து பழம் வண்டி வண்டியாகக் கிழக்கே வந்தது. சாறு வைனாகாமல் காப்பதற்குத் தந்தையும் மகனும் செலவிட்ட அரை நூற்றாண்டு ஒருபுறம். சாறு தானாக வைனாகட்டும் என்று இலட்சக்கணக்கான வீடுகள் காத்திருந்தது மறுபுறம்.

1926 ஜனவரியில் புளோரிடாவில் சார்ள்ஸ் வெல்ச் காலமானார். அவருக்கு 73 வயது. தன் மரண சாசனத்தில்கூட, இந்தத் தொழில் பணத்துக்காகத் தொடங்கியதல்ல, திருவிருந்துக் கிண்ணத்தைப் போதையிலிருந்து விடுவிக்கும் விருப்பத்திலிருந்து பிறந்தது என்பதைப் பதிந்து வைக்க அவர் மறக்கவில்லை.

அவருக்குப் பின் சில ஆண்டுகளிலேயே நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1945இல் ஜேக்கப் கப்லான் என்ற முதலீட்டாளர் அதை வாங்கினார். 1956இல் அது திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமானது. பழம் விற்க வழியின்றி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஆலையின் உரிமையாளர்களானார்கள்.

தலைமையகம் 1980களில் மீண்டும் ஒருமுறை ஊர் மாறியது. இம்முறை போனது மெசாசூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோட் நகருக்கு. வெல்ச் குடும்பம் முதல் நாளிலிருந்தே பிழிந்த திராட்சைக்குப் பெயர் தந்த ஊர் அது. எஃப்ரயிம் வேல்ஸ் புல் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்தில் 22,000க்கும் மேற்பட்ட நாற்றுகளை வளர்த்துப் பார்த்து, 1849இல் அந்த இனத்தைத் தெரிந்தெடுத்தார். ஐந்து டொலருக்கு ஒரு கன்று என்று விற்கத் தொடங்கினார். முதல் கன்றுகளை வாங்கிய நாற்றுமேடைக்காரர்கள் தாங்களே பெருக்கி விற்றுக்கொண்டதால், அவருக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். 1895இல், சார்ள்ஸ் வைன்லாண்டை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய ஆண்டில், முதியோர் இல்லம் ஒன்றில் வறுமையில் இறந்தார். பின்னாளில் தலைமையகம் கொன்கோட்டையும் விட்டு அண்மையிலுள்ள வோல்த்தம் நகருக்குப் போய்விட்டது. திராட்சை மட்டும் இன்றும் ஈரி ஏரிக் கரையில்தான் விளைகிறது.